ஹீட்டர் கேள்விகள்: பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: குளியலறையில் அகலமான மழை ஷவர் மாட்டினோம். அன்றிலிருந்து தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஹீட்டருக்கு வயதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். (ஆயர் ஈத்தாம்)

பதில்: வாங்காதீர்கள். இப்படிப்பட்ட ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் தண்ணீரின் சூடு 17 டிகிரி ஏறும். 28 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீர் 45 ஆகும். அதுவே 8 லிட்டர் ஓடினால் ஆறரை டிகிரிதான் ஏறும். ஒரு லிட்டர் போத்தலை ஷவருக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். 20 வினாடியில் நிரம்பினால் சரியான ஓட்டம். 8 வினாடியிலேயே நிரம்பினால் கோளாறு ஷவரில். பழைய கைஷவரை மாட்டுங்கள், அல்லது ஹீட்டருக்குப் போகும் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள்.

கேள்வி: கொண்டோவின் மேல்மாடி. சுவிட்ச் போட்டால் விளக்கு எரிகிறது, சூடு மட்டும் வருவதில்லை. (செந்தூல்)

பதில்: ஓட்டம் குறைந்தால் உள்ளே இருக்கும் ஃப்ளோ சுவிட்ச், தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டுக்கு மின்சாரம் விடாது. மின்சாரத்தை அணைத்து, வால்வை மூடி, தண்ணீர் நுழையும் ஹோஸைக் கழற்றுங்கள். அங்கே சிறு சல்லடை இருக்கும். மணலும் துருவும் அடைத்திருந்தால் பழைய பல் பிரஷால் தேயுங்கள். அப்படியும் ஓட்டம் குறைவு என்றால் பம்ப் உள்ள மாடல்தான் வழி. மலிவாக நான் வாங்கிய ஒன்றில் சல்லடையே இல்லை. வாங்கும்போது அதைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் மலிவாக ஹீட்டர் வாங்கினேன். சிரிம் தரச் சான்று முத்திரை இல்லை. சாதாரண பிளக்கில் சொருகியிருக்கிறேன், பிளக் சூடாகிறது. (பண்டார் துன் ரசாக்)

பதில்: இப்போதே கழற்றுங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 16 ஆம்ப் இழுக்கும். உங்கள் பிளக் 13 ஆம்ப் தாங்கும். முத்திரை இல்லாத பொருளை ஈரமான அறையில் மாட்டுவதற்கு நான் வழி சொல்லமாட்டேன். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: குளிக்கப் போனாலே ஈஎல்சிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தை வெட்டும் கருவி) விழுகிறது. வந்தவர் ஹீட்டருக்கான சிறிய ஈஎல்சிபியைக் கழற்றிவிட்டு, மெயினில் 100 மில்லிஆம்ப் இருக்கிறது, அது போதும் என்றார். இப்போது தொந்தரவில்லை. (பட்டர்வொர்த்)

பதில்: தொந்தரவு அப்படியே இருக்கிறது ஐயா, எச்சரிக்கைதான் போய்விட்டது. இப்படிக் கழற்றிவிடுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். 100 மில்லிஆம்ப் கருவி வீடு தீப்பிடிக்காமல் காக்கும், உங்கள் உடம்பைக் காக்காது. 10 மில்லிஆம்ப் அளவிலேயே பிடித்த பொருளை விட முடியாமல் கை இறுகத் தொடங்கும். ஈரத் தரையுள்ள இடத்துக்கு 10 மில்லிஆம்ப் கருவி வேண்டும் என்று நம் மின்சார விதிகள் கேட்பது அதற்காகத்தான். அது ஏன் விழுந்தது? பெரும்பாலும் எலிமென்ட்டின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், அல்லது டெர்மினலில் ஈரம் கசிந்திருக்கும். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் எலிமென்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எலிமென்ட்டை மாற்ற வேண்டும். எர்த் கம்பி உண்மையிலேயே எர்த்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 10 மில்லிஆம்ப் கருவியைத் திரும்ப மாட்டும்வரை அந்த ஹீட்டரைத் தொடாதீர்கள். பிறகு மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் கருவி செத்துவிட்டது.

கேள்வி: மகள் மான்செஸ்டரில் வாடகை வீட்டில் படிக்கிறாள். குழாய்த் தண்ணீரையும் ரேடியேட்டர்களையும் சூடாக்கும் கோம்பி பாய்லரின் அழுத்தம் அடிக்கடி 1 பாருக்குக் கீழே இறங்கி நின்றுவிடுகிறது. நீயே தண்ணீர் ஏற்றிக்கொள் என்கிறார் வீட்டுக்காரர். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை ஏற்றலாம். எப்போதாவது என்றால் அது சாதாரணம். அடிக்கடி இறங்கினால் தண்ணீர் எங்கோ போகிறது. ரேடியேட்டர் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடாகும்போது முள் 3 பார்வரை ஏறி, வெளிச்சுவரில் உள்ள செப்புக் குழாய் சொட்டினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுக் கலத்தில் காற்று இறங்கியிருக்கிறது. பாய்லரின் மூடியை மகள் திறக்கக்கூடாது. அது கேஸ் சேஃப் (பிரிட்டனின் எரிவாயுப் பணியாளர் பதிவேடு) பதிவுள்ளவரின் வேலை. வருடாந்திர எரிவாயுச் சோதனை வீட்டுக்காரரின் சட்டக் கடமை. சான்றிதழின் நகலை அவள் கேட்கட்டும்.

கேள்வி: 72 வயது அம்மா தனியாக இருக்கிறார். ஹீட்டரின் போர்டு (மின்னணுப் பலகை) போய்விட்டது என்று 480 ரிங்கிட் வாங்கினார்கள். மறுவாரமே அதே கோளாறு. ரசீதில் 'சர்வீஸ்' என்று மட்டும் இருக்கிறது. (கிள்ளான்)

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் மேல் தவறே இல்லை. போர்டு மாறியதா என்றே தெரியவில்லை. ஹீட்டரின் உள்பக்கத்தை இன்னொரு வயர்மேன் படம் எடுத்து, பார்த்ததை எழுதித் தரட்டும். பழைய போர்டைக் கேட்டும், பணத்தைத் திருப்பிக் கேட்டும் அவர்களுக்கு எழுத்தில் செய்தி அனுப்புங்கள். பதில் இல்லையா, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் பாரத்தை நிரப்புங்கள். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், ஆனால் இந்த வாரமே போங்கள்.

கேள்வி: ரசீதைத் தொலைத்துவிட்டேன், உத்தரவாதம் செல்லுமா? (ஈப்போ சாலை)

பதில்: அட்டையில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு அறிக்கையோடு கடைக்குப் போங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கடைக்காரரின் பில் புத்தகம்தான் கதி.