இன்ஸ்டாகிராமில் விற்பவர்கள் செய்யும் தவறுகள்: புடவை வியாபாரத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: படமும் வீடியோவும் முதன்மையாக இருக்கும் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யும் வணிகர்கள் பொதுவாக என்னென்ன தவறுகளைச் செய்கிறார்கள்?

புடவைக் கடைகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதும் அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்வதும் என் தொழில். எனவே எனக்குத் தெரிந்த புடவை வியாபாரத்தை வைத்தே பதில் சொல்கிறேன். நகை, மரச்சாமான், வீட்டுத் தின்பண்டம் விற்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டுமோ அதையே மறைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

முதலில் விலை. படத்துக்குக் கீழே பத்துப் பெண்கள் "விலை என்ன?" என்று கேட்டிருப்பார்கள். பத்துப் பேருக்கும் "இன்பாக்ஸ் பாருங்கள் சிஸ்டர்" என்று ஒரே பதில் போயிருக்கும். கடைக்காரர்களிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள். பக்கத்துக் கடைக்காரர் நூறு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுவார், ரீசெல்லர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்க முடியாது, கமெண்ட் அதிகமானால் பதிவு நிறையப் பேருக்குப் போகும் என்பார்கள். முதல் இரண்டு கவலைகளும் நியாயமானவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்துக் கடைக்காரர் வாடிக்கையாளர் போல ஒரு மெசேஜ் அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் விலை அவர் கைக்குப் போய்விடும். உண்மையில் தடுக்கப்படுவது வாங்க வந்தவர் மட்டுமே.

கமெண்ட் பற்றிய மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன். எந்தப் பதிவு அதிகம் பேருக்குப் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் மூன்றைக் குறிப்பிட்டார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் விரும்புகிறார்கள், எத்தனை பேர் அதை மற்றவருக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் புடவையைத் தனியாக முடிவு செய்து வாங்குகிறவர்கள் குறைவு. அக்காவுக்கு, அம்மாவுக்கு, நாத்தனாருக்கு அனுப்பி, "இது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்புவார்கள். அப்படி அனுப்பும் படத்தில் விலை இல்லாவிட்டால் அம்மா கேட்கும் முதல் கேள்விக்கே மகளிடம் பதில் இருக்காது. பேச்சு அங்கேயே நின்றுவிடும். விலையோடு இருக்கும் படம் ஒரு குடும்பத்துக்குள் நான்கு கை மாறும். அதற்கு இணையான விளம்பரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. தவிர, இந்தியாவில் 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் இணையவழி விற்பனையில் பொருளின் மொத்த விலையைத் தெரிவிக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

அடுத்தது நிறம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஏனென்றால் கொஞ்சம் கவனித்தால் சரிசெய்துவிடலாம். கடைக்குள் டியூப் லைட் ஒரு வண்ணம், ஷோகேஸ் விளக்கு இன்னொரு வண்ணம். இரண்டுக்கும் நடுவே புடவையை விரித்துப் படம் எடுத்தால் ஃபோன் தன் போக்கில் நிறத்தைத் திருத்திக்கொள்ளும். அரக்கு நிறம் ராணி பிங்க் ஆகிவிடும். பாக்கு நிறம் சாக்லேட் ஆகிவிடும். போதாததற்கு மேலே ஒரு ஃபில்டரும் போடுவார்கள். மயில்கழுத்து போன்ற இரட்டை நிறப் புடவைகளின் பாடு இன்னும் மோசம். பாவில் (நீள இழையில்) ஒரு நிறமும் ஊடையில் (குறுக்கு இழையில்) வேறொரு நிறமும் ஓடுவதால் மடிப்பில் ஒன்றும் விரிப்பில் ஒன்றுமாகத் தெரிவதுதான் அதன் அழகு. தட்டையாக விரித்து எடுத்த ஒரே படத்தில் அது செத்துப்போகும். பார்சல் பிரித்தவர் "நான் கேட்ட கலர் இது இல்லை" என்பார். கடைக்காரர் "அதே புடவைதான்" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

வெயில் நேரடியாகப் படாத வாசலிலோ ஜன்னல் ஓரத்திலோ காலை வெளிச்சத்தில், கடை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். புடவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் புடவையின் நிறத்தையும் ஏறக்குறைய நம்பலாம். இரட்டை நிறப் புடவையாக இருந்தால் முந்தானையைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பி ஒரு சின்ன வீடியோ எடுங்கள். பார்டர், உடல், முந்தானை, பிளவுஸ் துணி நான்கும் தெரிய வேண்டும். பின்பக்கத்தையும் ஒருமுறை காட்டுங்கள். கடையில் புடவையைப் புரட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குகிறார்களா?

என்ன துணி என்பதைச் சொல்லாமல் விடுவது மூன்றாவது மறைப்பு. "சாஃப்ட் சில்க்" என்ற பெயரில் சுத்தப் பட்டும் விற்கிறது, ஆர்ட் சில்க் எனப்படும் செயற்கை இழையும் விற்கிறது. பட்டு என்றால் பட்டு என்றும், ஆர்ட் சில்க் என்றால் ஆர்ட் சில்க் என்றும் எழுதுங்கள். சுத்தப் பட்டாக இருந்து, அதற்குச் சான்றான சில்க் மார்க் அட்டை இருந்தால் அதை அருகில் வைத்து ஒரு படம் எடுங்கள். பருத்தி என்றால் எத்தனையாம் நம்பர் நூல் என்று எழுதுங்கள் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது). புடவையின் நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி அதற்குள் அடங்கியதா தனியா என்பதும் வேண்டும். ஆர்ட் சில்க்கை ஆர்ட் சில்க் என்று சொல்லியே நன்றாக விற்கலாம். எண்ணூறு ரூபாய்க்குப் புடவை தேடுகிறவர் பட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்து வருவதில்லை.

சேலம் பக்கம் இளம்பிள்ளையில் உற்பத்தியாகும் புடவைகளை ஏராளமான பக்கங்கள் மறுவிற்பனை செய்கின்றன. உற்பத்தியாளர் அனுப்பிய ஒரே படம் வெவ்வேறு லோகோவோடு எல்லாப் பக்கங்களிலும் வரும். பார்க்கிறவருக்கு உங்கள் பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது? ஒரே ஒரு புடவையையாவது வாங்கி, உங்கள் வீட்டு வாசலில், உங்கள் கையால் பிரித்துக் காட்டிப் படம் எடுங்கள். அழகு கொஞ்சம் குறைந்தாலும் நம்பிக்கை கூடும்.

நம்பிக்கை என்றதும் பல பக்கங்களின் முகப்பு நினைவுக்கு வருகிறது. "ரிட்டர்ன் இல்லை, எக்ஸ்சேஞ்ச் இல்லை, பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது." புதிதாக வருகிறவர் முதலில் படிப்பதே இந்த மூன்று மிரட்டல்கள்தான். ஏமாற்றுகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், வீடியோ கேட்பதில் தவறில்லை. ஆனால் அதையே "சேதம் இருந்தால் மாற்றித் தருகிறோம், பிரிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்" என்று எழுதலாமே. கடை வாசலில் யாரும் இத்தனை கடுமையான பலகை வைப்பதில்லை.

பின்தொடர்பவர்களைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அந்தக் கணக்குகள் எதையும் பார்ப்பதில்லை, அனுப்புவதில்லை, வாங்குவதில்லை. எண்ணிக்கை மட்டும் பெரிதாகத் தெரியும், கீழே நான்கு கமெண்ட் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். பிரபலமான ஒருவரிடம் பணமோ புடவையோ கொடுத்துப் பேசச் சொன்னால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணய அமைப்பு 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டுவிட்டன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

படத்தின் அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். செய்தித்தாளுக்குள் வைத்துத் தரும் நோட்டீஸையே இங்கும் போடுகிறார்கள்: கடைப் பெயர், சாமி படம், முகவரி, நான்கு ஃபோன் எண்கள், மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு புடவை. ஃபோன் திரையில் இதில் ஒன்றையும் படிக்க முடியாது. ரீல்ஸ் போடும்போது கீழ்ப்பகுதியில் எழுத்து வைத்தால் தலைப்பும் பொத்தான்களும் அதை மூடிவிடும். ஃபோன் எண்ணைச் சரியாக அந்த இடத்தில் வைத்த எத்தனையோ வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் முகப்புக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெடுஞ்செவ்வகமாக மாற்றியது. சதுரத்துக்காகச் செய்த பழைய படங்களில் எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். உங்கள் பக்கத்தை ஒருமுறை வேறொருவர் ஃபோனில் திறந்து பாருங்கள்.

சினிமாப் பாட்டு விஷயத்தில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பிசினஸ் கணக்குகளில் பிரபலமான பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காது. அந்தப் பாடல்களுக்கு இன்ஸ்டாகிராம் பெற்றிருக்கும் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கானது அல்ல. அதற்காகவே சொந்தக் கணக்கில் கடை நடத்துகிறவர்கள் உண்டு. ஒருநாள் வீடியோவின் ஒலி அடைக்கப்படும், அல்லது வீடியோவே நீக்கப்படும். பாட்டுக்குப் பதில் நீங்களே பேசுங்கள். "இது எண்பதாம் நம்பர் நூல், வெயிலுக்கு நன்றாக இருக்கும், முதல் தண்ணீரில் கொஞ்சம் சாயம் போகும், தனியாக அலசுங்கள்" என்று கடை அம்மா சொல்லும் வீடியோவை மக்கள் கடைசிவரை பார்க்கிறார்கள். ஒலி இல்லாமல் பார்ப்பவர்களுக்காக அதையே தமிழில் எழுத்தாகவும் போடுங்கள். பதிவின் விவரத்திலும் துணியின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும். படத்துக்குள் எழுதுவது மட்டும் போதாது.

பணம் கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் எந்தப் பதிவு என்று யோசியுங்கள். பொங்கல் வாழ்த்துப் படத்துக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். வாழ்த்துக்கு விருப்பம் நிறைய வந்தது, ஒரு புடவைகூட அதனால் நகரவில்லை. பணம் கட்டாமலே நன்றாக ஓடிய, விலையும் துணியும் தெளிவாக இருக்கும் பதிவைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கூரியர் எட்டும் ஊர்களுக்கு மட்டும் காட்டுங்கள்.

கடைசியாக, நாள் கணக்கு. தீபாவளிப் புடவைகளைத் தீபாவளி வாரத்தில் போடுகிறார்கள். புடவை கூரியரில் வர வேண்டும், ஃபால்ஸ் அடிக்க வேண்டும், பிளவுஸ் தைக்க வேண்டும். அந்த நேரத்தில் தையற்கடைகளில் தைக்கப் புதுத்துணி வாங்கிக்கொள்வதையே நிறுத்தியிருப்பார்கள். உங்கள் ஊர்த் தையற்காரரிடம் எந்தத் தேதிவரை பிளவுஸ் எடுப்பார் என்று கேளுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே படங்களைப் போடத் தொடங்குங்கள். முகூர்த்த மாதங்களுக்கும் இதே கணக்குதான்.