அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' ஆல்பம் ரசிகர்களை ஏன் இரண்டாகப் பிரித்தது?

முக்கியக் காரணம் நீளம்தான். 2023 ஏப்ரல் 14, நம் சித்திரை முதல் நாளன்று வந்த இந்த ஆல்பத்தில் 12 பாட்டு, மொத்தம் 77 நிமிடம். "பாதியை வெட்டியிருக்கலாம்" என்று ஒரு தரப்பு சலித்துக்கொண்டது. குழுவின் கிதார் கலைஞர் கிர்க் ஹாமெட்டின் சோலோக்களில் வா-வா பெடல் (கிதார் ஒலியை 'வா-வா' என்று குழைய வைக்கும் கால்மிதி) அதிகம் என்ற பழைய குறையும் கூடவே கிளம்பியது, அது நியாயம்தான்.

ஆனால் நீளத்தைக் குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 11 நிமிடத்தைத் தாண்டும் கடைசிப் பாட்டில், நடுவே கிதார்கள் அடங்கி, ராபர்ட் ட்ருஹியோவின் பேஸ் கிதார் நிதானமாக முன்னுக்கு வரும். கும்பகோணத்தில் எங்கள் செட்டில் பலருக்குப் பிடித்த இடமே அதுதான். கோயில் திருவிழாவில் விடிய விடிய நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு இதெல்லாம் ஒரு நீளமா? புதிதாகக் கேட்பவர்கள் அந்தப் பாட்டிலிருந்தே தொடங்கலாம், நல்ல ஹெட்போனில்.