சட்டம் முந்தியதா, மனப்பான்மை முந்தியதா?

மதிப்பிற்குரிய ஐயா,

துப்பாக்கிச் சட்டங்களைப் பற்றிய தங்கள் குறிப்பில், உலகம் முழுவதும் ஒரு பக்கம் என்றும் அமெரிக்கா மட்டும் தனி என்றும் எழுதியிருந்தீர்கள். ஸ்விட்சர்லாந்தில் எத்தனையோ வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. அதைக் கண்டு யாரும் பதறுவதில்லை. பிரிட்டனில் கைத்துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலையின் பொருட்டு இந்த நாடுகளில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில், சட்டம் ஒரு பெயருக்குத்தான், மக்களின் மனப்பான்மையே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

ரா.

அன்புள்ள ரா.,

துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது வேறு. தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது வேறு. முன்னதில் தாராளம் காட்டும் நாடுகள் பின்னதில் கறாராக இருக்கக்கூடும். நீங்கள் சுட்டிய ஸ்விட்சர்லாந்தே அதற்குச் சான்று. கட்டாய ராணுவப் பயிற்சி முகாமுக்குப் போகும் இளைஞன் ரயிலில் தன் ராணுவத் துப்பாக்கியைப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுக் கைப்பேசியில் மூழ்கியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தத் துப்பாக்கி வெறுமையானது. அவசரக் காலத்துக்கென்று முத்திரையிட்ட தகரடப்பாவில் வீரர்கள் வீட்டில் வைத்திருந்த தோட்டாக்களையும், 2007இல் எடுக்கப்பட்ட முடிவுக்குப் பிறகு ராணுவம் திரும்பப் பெற்றுக்கொண்டது. தற்காப்புக்காகப் பொது இடத்தில் ஆயுதம் ஏந்த விரும்புபவர் அங்கே தனி உரிமம் பெற வேண்டும். தனக்கோ பிறருக்கோ உடைமைக்கோ உண்மையான ஆபத்து இருப்பதை அதிகாரிகள் நம்பும்படி காட்ட வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்களைத் தவிரப் பிறருக்கு அது கிடைப்பது அரிது. ஆகவே ஸ்விஸ் மக்களின் பதற்றமின்மைக்குப் பின்னால் ஒரு சட்டம் ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது.

உங்கள் வாதத்துக்கு உண்மையில் துணை நிற்கக்கூடிய நாடு செக் குடியரசு. அங்கே தற்காப்பு என்பதே உரிமம் பெறப் போதுமான காரணம். வயது, மருத்துவச் சான்று, குற்றப் பின்னணியின்மை ஆகியவற்றோடு எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறிவிட்டால், உரிமத்தை மறுக்க அதிகாரிக்குத் தனி விருப்புரிமை கிடையாது. 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுத விதிகளை இறுக்கியபோது செக் அரசு நீதிமன்றம் வரை போய் 2019இல் தோற்றது. 2021இல் தன் அடிப்படை உரிமைகள் சாசனத்திலேயே, தன் உயிரையும் பிறர் உயிரையும் ஆயுதத்தால் காத்துக்கொள்ளும் உரிமை சட்டத்துக்கு உட்பட்டு உண்டு என்று சேர்த்துக்கொண்டது. இவ்வளவு இருந்தும் பிராக் நகரத் தெருக்களில் துப்பாக்கி உங்கள் கண்ணில் பட்டிருக்காது. உரிமம் பெற்றவர் அதைப் பிறர் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2002ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 2023 டிசம்பரில் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகும் அந்த உரிமை பறிக்கப்படவில்லை; சந்தேகத்துக்குரிய கொள்முதலைக் கடைக்காரர் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற காப்புகளே கூட்டப்பட்டன. இந்த இடத்தில் மனப்பான்மை சட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த மனப்பான்மை எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 1909 ஜனவரியில் வடக்கு லண்டனின் டோட்டன்ஹாம் பகுதியில், தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பணத்தைப் பறித்துக்கொண்டு இருவர் சுட்டபடியே ஓடினார்கள். துரத்திய காவலர்களிடம் துப்பாக்கி இல்லை. ஆனால் தெருவில் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள் சிலரிடம் இருந்தது! காவலர்கள் அவர்களிடம் கைத்துப்பாக்கிகளை இரவல் வாங்கிக்கொண்டு துரத்தலைத் தொடர்ந்தார்கள். லண்டன்வாசியின் சட்டைப் பையில் கைத்துப்பாக்கி இருப்பது அன்று செய்தியே அல்ல; 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி அஞ்சலகத்தில் 10 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்கினால் போதும். முதல் உலகப் போர் முடிந்து, புரட்சி அச்சம் பரவியிருந்த நேரத்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் பிறகு காவல்துறைத் தலைமை அதிகாரியிடம் தக்க காரணம் காட்ட வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் தற்காப்பும் காரணமாக ஏற்கப்பட்டது. 1946இல் அந்தக் கதவும் அடைக்கப்பட்டது. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுமையாகத் தடை செய்யப்பட்டன. வட அயர்லாந்து மட்டும் விலக்கு; உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்களுக்கு அங்கே இன்றும் தற்காப்புக் கைத்துப்பாக்கி அனுமதிக்கப்படுகிறது. ‘பிரிட்டிஷ் இயல்பு’ என்று நாம் இன்று எண்ணுவது, ஒவ்வொரு திருகாக இறுக்கப்பட்ட சட்டத்தின் கீழ் நான்கைந்து தலைமுறைகள் வாழ்ந்து பழகியதால் வந்தது.

அமெரிக்காவில் திருகு எதிர்த்திசையில் சுற்றியது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்ற சுரங்க ஊரில் 1881ஆம் ஆண்டின் நகர விதிப்படி, ஊருக்குள் வருபவர் தன் ஆயுதத்தை முதலில் போய்ச் சேரும் குதிரை லாயத்திலோ மதுக்கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் அங்கே நடந்து, பின்னால் பெரும் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை, அந்த விதியை மீறியவர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கக் காவல் தலைவர் போனதிலிருந்துதான் மூண்டது. சண்டை ஏறத்தாழ அரை நிமிடம், செத்தவர்கள் மூவர். அதே அரிசோனாவில் 2010 முதல் 21 வயது நிரம்பியவர், சட்டத்தால் விலக்கப்படாதவராக இருந்தால், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம்.

ஒரு நாட்டை அடையாளம் காண எனக்குக் கைகொடுப்பது ஒரே ஒரு கேள்விதான்: காரணம் சொல்ல வேண்டியவர் யார்? நியூயார்க்கில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அது குடிமகனின் பொறுப்பாக இருந்தது. தன் தெருவில் அடுத்தடுத்துக் கொள்ளை நடக்கிறது என்று சொல்லி விண்ணப்பித்தவருக்குக்கூட, அது எல்லோருக்கும் உள்ள அச்சம்தானே, உங்களுக்கென்று தனியாக என்ன என்று கேட்டு, பொது இடத்தில் துப்பாக்கியை எடுத்துச் செல்லும் தடையற்ற உரிமம் மறுக்கப்பட்டது. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மற்ற அடிப்படை உரிமைகளுக்குக் குடிமகன் காரணம் சொல்வதில்லை, இதற்கு மட்டும் ஏன் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நியூயார்க் உடனே வேறொரு சட்டம் இயற்றியது: ‘ஏன்?’ என்று கேட்க முடியாதென்றால் ‘எங்கே?’ என்று கேட்கலாமே. டைம்ஸ் சதுக்கத்தில் துப்பாக்கிக்கு இடமில்லை என்று பலகைகள் மாட்டப்பட்டன. பிரிட்டனோ எந்தக் காரணத்தையும் கேட்கத் தயாராக இல்லை. செக் அரசு காரணத்தை விட்டுவிட்டுத் தகுதியைச் சோதிக்கிறது. ஸ்விஸ் அரசு இரண்டையும் கேட்கிறது.

என் குறிப்பில் ஒரு பிழை இருந்ததை உங்கள் கடிதம்தான் எனக்குக் காட்டியது. அமெரிக்காவை ஒற்றைச் சட்டம் கொண்ட நாடுபோல எழுதிவிட்டேன். பென்சில்வேனியாவில் முறையாக உரிமம் பெற்ற ஓர் இளம் தாய் 2013இல் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்து, சாலையில் நிறுத்திய காவலரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். அந்த உரிமம் அக்கரையில் செல்லாது என்பதால் கைது செய்யப்பட்டார். சிறைத் தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. 2015இல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகே வழக்கின் சுவடு நீங்கியது. ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும்வரை அவர் செய்தது குற்றமே இல்லை. குறிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.