வெண்டைக்காய்: கொழகொழப்பு முதல் முற்றல் வரை

கே: வெண்டைக்காய் பொரியல் செய்தால் கரண்டியோடு நூல் நூலாக வருகிறது. எவ்வளவு வதக்கினாலும் கூழாகிவிடுகிறது. எங்கே தவறு? – திண்டுக்கல் வாசகி

ப: தண்ணீரில்தான் தவறு. காய்க்குள் இருக்கும் பசை ஈரத்தோடு சேர்ந்தால்தான் கொழகொழக்கும். நறுக்கிவிட்டுக் கழுவினாலும், ஈரக்காயை நறுக்கினாலும் அதற்குத் தண்ணீர் காட்டியதாகிவிடும். மூடி போட்டால் ஆவி திரும்பச் சட்டியிலேயே சொட்டும். உப்பை முதலில் போட்டால் அது காயிலிருக்கும் நீரை இழுத்து வெளியே விடும்.

கால் கிலோ காயைக் கழுவித் துடைத்து, அரை மணி நேரம் துணியில் பரப்பி உலர விடுங்கள். அரை அங்குலத் துண்டு போதும்; மெல்லிசாக அரிந்தால் வெட்டுவாய் கூடும், பசையும் கூடும். வாயகன்ற சட்டியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டுத் தாளித்து, காயை ஒரே அடுக்காகப் போட்டு மிதமான தீயில் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் நூல் வரத்தான் செய்யும். பயந்துபோய்க் கிளறிக்கொண்டே இருந்தால் துண்டு உடைந்து விதை தெறித்துவிடும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தோசைத்திருப்பியால் புரட்டினால் போதும். ஒரு டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசலோ புளித்த தயிரோ விட்டால் நூல் சீக்கிரம் அறும். 12-15 நிமிடத்தில் துண்டுகள் சுருங்கி, ஒட்டாமல் தனித்தனியாக உருளும். உப்பு அப்போதுதான்; தேங்காய்த்துருவல் அதற்கும் பிறகு. சின்னச் சட்டியில் குவித்துப் போட்டால் வதங்காது, அவியும்.

கே: இரும்புச் சட்டியில் வதக்கினால் கறுத்துவிடுகிறதே? – தஞ்சாவூர் வாசகர்

ப: காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வரும் கறுப்பு. கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இராது. புளி விட்டால் இன்னும் கறுக்கும். எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் சட்டிக்கு மாறுங்கள்.

கே: சாம்பாரில் போட்டால் குழம்பே வழவழவென்று ஆகிறது. – மதுரை வாசகி

ப: இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயில் ஐந்தாறு நிமிடம் வதக்கிவிட்டுச் சேருங்கள். பச்சைக்காயை நேராகப் புளித்தண்ணீரில் போடாதீர்கள். புளிப்பில் காய் வேக நேரமாகும், அதற்குள் பசை முழுக்கக் குழம்பில் இறங்கிவிடும். மோர்க்குழம்புக்கும் வதக்கிய காய்தான். அடுப்பை அணைக்கும் முன் போட்டால் போதும்.

ஆனால் வழவழப்பை ஒட்டுமொத்தமாக ஒழிக்கவேண்டும் என்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் ‘கம்போ’ என்ற குழம்பில் வெண்டைக்காய் போடுவதே அது குழம்பைக் கெட்டியாக்கும் என்பதற்காகத்தான். நம் சாம்பாரிலும் லேசான வழவழப்பு இருந்தால் சோற்றில் நன்றாகப் பிடிக்கும். பருப்பைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

கே: நுனியை ஒடித்துப் பார்த்தால் கடைக்காரர் திட்டுகிறார். வேறு வழி? – சேலம் வாசகர்

ப: திட்டுவது நியாயம்தான், ஒடித்த காயை யார் வாங்குவார்கள்? விரல் நீளக் காயாக, வரிகள் விறைத்து நிற்காததாக எடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் பிஞ்சு சற்றே அமுங்கும். முற்றல் மரம் மாதிரி இருக்கும். தப்பித்தவறி முற்றல் வந்துவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் நார் போகாது. தோலைப் பிளந்து விதையை மட்டும் புளிக்குழம்பில் போடலாம்.