துணிக்குப் போடும் சாயத்தை மைக்ராஸ்கோப் ஸ்லைடுக்குப் போடலாமா?

கேள்வியின் விவரத்தில் இருப்பது இதுதான்: மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சியில் வெங்காயத் தோலின் செல்லையும் அதன் உட்கருவையும் காட்ட வேண்டும். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, "லேபில போடுறதும் துணிச்சாயம்தானே, ஒரு பொட்டலம் தரேன்" என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

சித்தப்பா சொல்வது வரலாற்றின்படி சரி. ஆனால் அந்தப் பொட்டலம் உங்கள் வேலைக்கு ஆகாது. நான் இருப்பது ரத்தப் பரிசோதனைப் பிரிவில். நாள் முழுக்க விரல் நுனியில் நீலம், ஊதா ஒட்டியிருக்கும் ஆள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாயத் தொழிலும் உடல் ஆராய்ச்சியும் சேர்ந்தது நாம் நினைப்பதைவிடப் பழைய கதை. ஜான் பெல்ச்சியர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் துணியில் அச்சுப் போடும் ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். பரிமாறிய பன்றிக்கறியில் எலும்பு மட்டும் சிவப்பாக இருந்தது. விசாரித்தால், மேடர் வேர்ச் சாயம் ஏற்றிய துணியை அலசப் பயன்படுத்திய தவிட்டை அந்தப் பன்றிகளுக்குத் தீனியாகப் போட்டிருக்கிறார்கள். இதை அவர் எழுதி வெளியிட்டது 1736இல். கறி சிவக்கவில்லை, எலும்பு மட்டும் ஏன் சிவந்தது? அந்த வேரில் இருக்கும் அலிசரின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் சாயம் தின்ற நாட்களில் புதிதாக வளர்ந்த எலும்பில்தான் ஏறும். பிறகு பிரான்சில் துஹாமெல் என்பவர் விலங்குகளுக்குச் சாயத் தீனியைக் கொஞ்ச நாள் கொடுத்து, கொஞ்ச நாள் நிறுத்தி, எலும்பு எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்த்தார். நம் சோழமண்டலக் கரைத் துணிகளைச் சிவக்க வைத்த சாயவேரிலும் இருப்பது இதே அலிசரின்தான். அதைத் துணியில் நிறுத்தப் படிகாரம் போட்டார்கள். திசுவுக்குப் போடும் ஹீமடாக்சிலினும் ஒரு மரக்கட்டைச் சாயம். அதையும் இன்றுவரை படிகாரம் சேர்த்துத்தான் காய்ச்சுகிறோம்.

ஆனால் உண்மையான வெள்ளம் வந்தது நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்யத் தொடங்கிய பிறகு. 1856இல் பெர்க்கின் என்ற ஆங்கில வேதியியலர் மாவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஜெர்மன் ஆலைகள் நூற்றுக்கணக்கில் புதுப் புதுச் சாயங்களை இறக்கின. பாஸ்ஃப் நிறுவனத்தில் இருந்த ஹைன்ரிக் காரோ 1874இல் இயோசின் என்ற சிவப்புச் சாயம், 1876இல் மெத்திலீன் நீலம் என்று அடுத்தடுத்துக் கொடுத்தார். இரண்டுமே துணிக்காகச் செய்தவை. எங்கள் வேலை மேசையில் இன்றும் ஓடுவது இந்த ஜோடிதான். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டியபோது முதலில் கையில் எடுத்தது மெத்திலீன் நீலம்.

ஒரு சாயம் செல்லுக்குள் எங்கே போய் உட்காரும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மின்னூட்டம். உட்கருவில் இருக்கும் டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது. மெத்திலீன் நீலம், சஃப்ரனின், கிரிஸ்டல் வயலட் எல்லாம் நேர்மின்னூட்டச் சாயங்கள். அவற்றை 'பேசிக்' சாயம் என்போம். அவை உட்கருவை நோக்கி ஓடும். இயோசின் இதற்கு நேர் எதிர். அது ஹீமோகுளோபின் போன்ற புரதங்களில் ஏறும், அதனால்தான் சிவப்பணு இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் மாணவனாக இருந்தபோதே இந்தப் பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளணுக்களை வகை பிரிக்கத் தொடங்கினார். நம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வரும் இயோசினோபில், பேசோபில் என்ற பெயர்கள் சாயத்தை வைத்து வந்தவை.

இனி நான் ரசித்துச் சொல்லும் பகுதி. 1891இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரோமனாவ்ஸ்கி என்ற மருத்துவர் இயோசினையும் மெத்திலீன் நீலத்தையும் கலந்து மலேரியா நோயாளியின் ரத்தத்தில் போட்டார். ஒட்டுண்ணியின் உடல் நீலம், அது சரி. அதன் உட்கரு செவ்வூதா. சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதாதானே என்று நினைக்க வேண்டாம். வெள்ளணுவின் உட்கருவிலும் அதே ஊதா தெளிவாக வந்தது, இரண்டு சாயத்தில் எதைத் தனியாகப் போட்டாலும் அந்த நிறம் வராது. மற்றவர்கள் புது மெத்திலீன் நீலத்தை வாங்கிச் செய்து பார்த்தார்கள், வரவில்லை. ரோமனாவ்ஸ்கி பயன்படுத்திய கரைசல் நாள்பட்டது, மேலே பூஞ்சை படர்ந்தது. நாள்பட்டதில் மெத்திலீன் நீலம் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதன் மெத்தில் குழுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, ஒரு பகுதி அசூர் பி என்ற வேறொரு சாயமாக மாறியிருந்தது. ஊதாவைத் தந்தது அந்த அசூர் பியும் இயோசினும் சேர்ந்த கூட்டு. சுத்தமான புட்டியில் இல்லாத சரக்கு, கெட்டுப்போன புட்டியில் இருந்தது.

அதன் பிறகு பூஞ்சைக்குக் காத்திருக்காமல் வேண்டுமென்றே 'கெடுக்க' வழி தேடினார்கள். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் மெத்திலீன் நீலத்தைச் சோடியம் கார்பனேட்டோடு சூடாக்கி, இயோசின் சேர்த்து, படியும் பொடியை மெத்தனாலில் கரைத்தார். இது 1901. மெத்தனால் செல்லை ஸ்லைடில் நிலைநிறுத்தவும் செய்யும், அதனால் இரண்டு வேலை ஒரே புட்டியில் முடிந்தது. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்து காய்ச்சலோடு திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் விசித்திரமான உருவங்களைப் பார்த்ததை அவர் 1903இல் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய புள்ளி, பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி. அதே ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் சார்ல்ஸ் டோனவன் தன் நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருவங்களைக் கண்டார். மண்ணீரலை வீங்க வைக்கும் காலா அசார் என்ற காய்ச்சல் நோயின் ஒட்டுண்ணிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வந்தது அப்படித்தான். ரோமனாவ்ஸ்கி வகைச் சாயம் இல்லாமல் போயிருந்தால் அந்தக் குச்சியும் புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்திருக்காது.

இன்றும் நம்மூர் லேப்களில் லீஷ்மன் சாயம்தான் அதிகம். எங்கள் அளவு 100 மில்லி மெத்தனாலுக்கு 0.15 கிராம் பொடி. கல்வத்தில் போட்டு அரைத்துக் கரைத்து, சில நாள் பழுக்க விடுவோம். ஸ்லைடில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்த ரத்தத்தின் (ஸ்மியர்) மீது ஊற்றி இரண்டு நிமிடம் நிறுத்துவோம். அதற்கு மேல் காயவிட்டால் சாயம் துகள் துகளாகப் படிந்து, பிளேட்லெட்டா தூசியா என்று தெரியாமல் போகும். பிறகு இரண்டு மடங்கு பஃபர் நீர், அதாவது அமில கார அளவு மாறாமல் நிற்கும் நீர், பிஎச் 6.8. ஊதிக் கலந்துவிட்டால் மேலே பச்சை கலந்த உலோகப் பளபளப்பில் ஓர் ஏடு படரும். சாயம் வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அதுதான் எங்கள் அடையாளம். ஏழு, எட்டு நிமிடத்தில் கழுவி, ஸ்லைடின் பின்புறத்தைத் துடைத்து நிறுத்திவிடுவோம். பஃபர் கொஞ்சம் அமிலமானால் எல்லாம் சிவப்படிக்கும், காரமானால் எல்லாம் நீலம். மலேரியா தேடும்போது மட்டும் பிஎச் 7.2 வைப்போம், வைவாக்ஸ் என்ற மலேரியா ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணுவில் இருக்கும் நுண்புள்ளிகள் அதில்தான் நன்றாக எழும்பும்.

இப்போது சித்தப்பாவின் 'அதேதானே' என்ற வாதத்துக்கு வருகிறேன். துணிக்குச் சாயம் விற்பவர் உத்தரவாதம் தருவது நிறத்துக்கும் அடர்த்திக்கும்தான். ஒவ்வொரு லாட்டும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும் என்று உப்பு, டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் போன்றவற்றைச் சேர்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம், அதில் தப்பும் இல்லை. மெத்திலீன் நீலத்திலேயே துணிக்கு வருவது பெரும்பாலும் துத்தநாகக் குளோரைடு கலந்த உப்பு. லேபுக்குத் துத்தநாகம் இல்லாதது வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மன் சரக்கு நின்றுபோனபோது அமெரிக்க ஆய்வகங்கள் உள்ளூர்ச் சாயத்தை வாங்கின. பெயர் அதே, ஆனால் ஸ்லைடில் வந்தது வேறு. அந்தத் தலைவலியில் பிறந்ததுதான் 1920களில் உருவான பயலாஜிக்கல் ஸ்டெயின் கமிஷன். லாட் லாட்டாகப் பரிசோதித்துச் சான்று கொடுப்பார்கள்.

இது பழங்கதை மட்டும் அல்ல. நாங்கள் வாங்கிய ஒரு லாட்டில் வெள்ளணு உட்கரு எவ்வளவு நேரம் வைத்தாலும் வெறும் நீலமாகவே நின்றது. அசூர் போதவில்லை. சப்ளையரைக் கேட்டால் "சார், கலர் நல்லா டார்க்காத்தானே இருக்கு" என்றார். இருட்டாக இருந்து என்ன செய்ய! அதனால் நான் பெயரைப் பார்த்து வாங்குவதில்லை. லேபிளில் ஒவ்வொரு சாயத்துக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் கலர் இண்டெக்ஸ் எண்ணும் சாய அளவு எத்தனை சதவீதம் என்பதும் இருக்கிறதா என்று பார்ப்பேன். மெத்திலீன் நீலம் 52015, அசூர் பி 52010, இயோசின் ஒய் 45380, கிரிஸ்டல் வயலட் 42555. பெயர்கள் கடைக்குக் கடை மாறும், எண் மாறாது.

துணியிலிருந்து லேபுக்கு நேராக வந்து வெற்றி பெற்றவையும் உண்டு. கம்பளிக்குச் செய்த கூமாசி நீலம் புரதத்தோடு சேர்ந்தால் பழுப்பிலிருந்து நீலமாக மாறும். 1976இல் பிராட்ஃபோர்டு அதை வைத்து எழுதிய புரத அளவீட்டு முறையை உயிர்வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பருத்திக்கு வந்த காங்கோ ரெட் இன்று திசுவில் படியும் அமிலாய்டு என்ற கோளாறான புரதத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுகிறது. சாயத்திலிருந்து மருந்து வந்த கதை தனிப் பதிலுக்கு உரியது. எர்லிக் 1891இலேயே மலேரியா நோயாளிகளுக்கு மெத்திலீன் நீலம் கொடுத்துப் பார்த்துவிட்டார் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

உங்கள் மகளின் வெங்காயம். திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்கு அதிகம் போடுவது ரியாக்டிவ் சாயம். உப்பும் சோடா ஆஷும் சேர்த்த நீரில் அது செல்லுலோஸைப் பிடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. வெங்காயச் செல்லின் சுவர் என்ன? அதே செல்லுலோஸ். ஆகவே சாயம் ஏறினால் சுவரில் ஏறும். எதிர்மின்னூட்டச் சாயம் என்பதால் உட்கருவுக்கு அதன் மீது ஈர்ப்பு கிடையாது. கண்காட்சிக்கு வருகிற நடுவர் "உட்கரு எங்கேம்மா?" என்று கேட்டால் மகள் திணறுவாள்.

மீன் தொட்டிக் கடையில், மீனுக்குப் பூஞ்சை பிடித்தால் விடும் மெத்திலீன் நீலக் கரைசல் சின்னப் புட்டியில் கிடைக்கும். பள்ளி லேபில் சஃப்ரனின் இருந்தால் அதுவும் போதும். வெங்காய இதழின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய தோலை உரித்து, மடிப்பு விழாமல் ஒரு சொட்டு நீரில் விரித்து, நீர் கலந்து இளக்கிய சாயம் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மிச்சத்தை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்க வேண்டும். முதலில் 10எக்ஸ், பிறகு 40எக்ஸ். செல்லின் ஓரத்தில் நீலப் பொட்டு மாதிரி உட்கரு தெரியும். கையுறை போட்டுக்கொள்ளட்டும், மேசைக்கு அடியில் பழைய செய்தித்தாள் விரியுங்கள்.

சித்தப்பாவின் சாயத்தையும் வீணாக்க வேண்டாம். இன்னொரு தோலில் அதைப் போட்டு இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நல்ல புராஜெக்ட் அது. ஆனால் பொடியாக வாங்காதீர்கள். ரியாக்டிவ் சாயப் பொடி மூச்சோடு உள்ளே போனால் சிலருக்கு ஆஸ்துமா வரும். பட்டறையிலேயே கரைத்து, சின்ன பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.