கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு என்னென்ன கிடைக்கும்? கடலூர் மாவட்டத்துக் கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் மாவட்டத்தில் அங்கன்வாடி ஊழியராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளுக்கான அரசு உதவிகளைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். நம் பக்கம் எல்லோரும் சொல்வதுபோல ‘பால்வாடி’ என்றே எழுதுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூர்: அக்கா, எனக்கு மூன்றாவது மாதம். தனியார் மருத்துவமனையில்தான் காட்டுகிறேன். அரசாங்கத்தில் பதிவு செய்யணுமா? 18,000 ரூபாய் நிஜமாகவே வருமா?

பதிவு செய்யணும்மா, இந்த வாரமே. எங்கே காட்டினாலும் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்து ஒரு எண் வாங்க வேண்டும். ‘பிக்மி நம்பர்’ என்பார்கள். நாளைக்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆதாரோடு போனால் போதும். 102க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

18,000 என்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. அதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும். மீதி 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான், ஏழைக் குடும்பமாக இருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு, பிரசவம் அரசு மருத்துவமனையில் என்பதும் நிபந்தனைகள். தனியாரில் பிரசவம் என்று நீங்கள் முடிவு செய்வதற்கு முன் இதையும் யோசியுங்கள்.

பணம் நின்று போன வீடுகளில் நான் பார்த்தது பெரும்பாலும் ஒரே காரணம்தான். வங்கிக் கணக்கு கணவர் பெயரில் இருக்கும், அல்லது கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கு செயல்படாமல் கிடக்கும். உங்கள் பெயரில், ஆதார் இணைத்த, நடப்பிலுள்ள கணக்கு வேண்டும். அப்புறம், வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது இங்குள்ள நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே போனதும் அந்த ஊர் நர்ஸம்மாவிடமும் அட்டையைக் காட்டுங்கள். எண் ஒன்றேதான், ஊர் மாறினால் மாறாது.

ரெட்டிச்சாவடி: என் மனைவிக்கு ஜிப்மரில் பிரசவம் ஆனது. நாங்கள் கடலூர் மாவட்டம். பிறப்புச் சான்றிதழ் எங்கே வாங்குவது? ஊசி எங்கே போடுவது?

எல்லையோரத்து வீடுகளில் இந்தக் குழப்பம் எப்போதும் உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பிறப்பைப் பதிவார்கள், பெற்றோர் குடியிருக்கும் ஊரில் இல்லை. ஜிப்மர் இருப்பது புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சியில், அதனால் சான்றிதழ் அங்கேதான். 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும் என்றாலும், அப்பா அம்மா பெயரின் எழுத்துகள் ஆதாரில் இருப்பதுபோல் இருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பாருங்கள். பின்னால் திருத்த அலைவது பெரும்பாடு. குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

ஊசிக்கு மாநில எல்லை கிடையாது. பிறந்ததும் போடும் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி ஆகியவற்றை ஜிப்மர் அட்டையில் குறித்திருப்பார்கள். அந்த அட்டையோடு உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அடுத்தது 6, 10, 14 வாரங்களில். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள்.

தேவனாம்பட்டினம்: என் பேரனுக்கு ஒன்றரை வயசு. பால்வாடியில் கையில் டேப் சுற்றிப் பார்த்துவிட்டு ‘மஞ்சள்ல இருக்கான்’ என்றார்கள். பையன் ஓடியாடித்தான் விளையாடுகிறான். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாதும்மா. அந்த டேப் புஜத்தின் சுற்றளவை அளக்கிறது. 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பச்சை. 11.5க்கும் 12.5க்கும் நடுவே மஞ்சள். 11.5க்குக் கீழே போனால் சிவப்பு, அது உடனே டாக்டரிடம் காட்ட வேண்டிய நிலை. மஞ்சளில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் போதும், பத்தே நாளில் சிவப்புக்கு இறங்கிவிடும். ஓடியாடுவதை வைத்து எடை போடாதீர்கள். நானே ஒரு பிள்ளையை அப்படி நினைத்து மூன்று மாதம் கவனிக்காமல் விட்டேன். எடை ஏழு கிலோவிலேயே நின்றிருந்தது, ‘பல் முளைக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது இன்றும் மனதில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீடுகள் எனக்குத் தெரியும். மருமகள் விடியுமுன் மீன் கூடையோடு கிளம்பிவிடுவாள். பிள்ளைக்குக் காலையில் டீயும் பிஸ்கட்டும், பிறகு பதினொரு மணிக்குத்தான் சோறு. ஒன்றரை வயசுப் பிள்ளையின் வயிறு அதன் கைப்பிடி அளவுதான். ஒரே வேளையில் நிறையப் போகாது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். டீயை முதலில் நிறுத்துங்கள்.

பால்வாடியில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தரும் சத்துமாவு அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். சில வீடுகளில் அது மொத்தக் குடும்பத்துக்கும் ஒரு நாள் கொழுக்கட்டையாகிவிடுகிறது, சில வீடுகளில் மாட்டுக்குப் போய்விடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதில் கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் இருக்கிறது. கஞ்சியாகத் தண்ணீரில் கரைக்காமல், களி பதத்தில் கிண்டி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விடுங்கள். மதியம் குழைந்த சோற்றில் பருப்பு, முட்டை. மீன் உங்கள் வீட்டில் இல்லாமலா? முள் நீக்கி மசித்துக் கொடுங்கள், காரம் போடுவதற்கு முன்பே எடுத்து வைத்து.

மாதாமாதம் எடை போடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் பால்வாடி டீச்சரைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். சிவப்பில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனிச் சத்துணவு தர 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் இருக்கிறது.

சிப்காட் பக்கம்: எங்கள் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளையைப் பால்வாடியில் சேர்ப்பார்களா? ரேஷன் கார்டு இங்கே இல்லை.

சேர்க்க வேண்டும். ரேஷன் கார்டு கேட்கவே தேவையில்லை. எந்தக் குழந்தைக்கும் இந்தச் சேவை மறுக்கப்படக்கூடாது என்பது 2006இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாஷை தெரியாத அந்த அம்மா தனியாகப் போனால் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவாள், முதல் நாள் நீங்கள் கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள்.

காடாம்புலியூர்: முந்திரி உடைக்கும் கம்பெனியில் வேலை. பொண்ணுக்கு இரண்டு வயசு. பால்வாடி மதியத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது, எனக்கு ஆறு மணி ஆகும். கம்பெனிக்கே கூட்டிப் போகிறேன்.

உடைக்கும் இடத்தில் மட்டும் பிள்ளையை வைக்காதேம்மா. முந்திரிக்கொட்டை எண்ணெய் உன் கையையே எப்படிப் பொத்துவிடுகிறது என்று உனக்குத் தெரியும். பிள்ளையின் தோலும் கண்ணும் அதைத் தாங்காது.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மகப்பேறு பலன் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தம் அது. ஒரு நாளைக்கு நான்கு முறை அம்மா போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் உரிமை உண்டு. ஒருத்தி போய்க் கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும், அது நியாயமான பயம்தான். சின்னப் பிள்ளை வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

அதுவரை? இரண்டு வயசு நிறைந்துவிட்டதால் காலையில் பால்வாடியில் விடலாம். சூடான சோறு, வாரத்தில் சில நாள் முட்டை, ஆட்டம் பாட்டு எல்லாம் கிடைக்கும். மாலை மூன்று மணி நேரத்துக்கு உன்னைப்போலவே அல்லாடும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, தெருவில் நம்பிக்கையான ஒரு பாட்டிக்குப் பணம் பிரித்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பண்ருட்டிப் பக்கம் சில தெருக்களில் இது நன்றாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நெய்வேலி: மகனுக்கு இரண்டரை வயது. இன்னும் பேசவில்லை. ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’ என்கிறார் அம்மா.

பெரியவங்க ஆறுதலுக்குச் சொல்வது சார், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டு வார்த்தையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதனை செய்யுங்கள். அவன் முகம் பார்க்காதபோது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? இரண்டுமே இல்லை என்றால் இன்னும் சீக்கிரம் போகணும்.

பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் பார்ப்பதற்கென்றே மாவட்ட அளவில் அரசின் இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் எல்லாம் ஒரே இடத்தில். கட்டணம் இல்லை. பால்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வரும் மருத்துவக் குழுவும் அங்கேதான் அனுப்பி வைக்கும். அந்தக் குழு வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடிதம் வாங்கி நீங்களே போகலாம். சோறு ஊட்டும்போது செல்போனைக் கையில் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்த நேரம்தான் பிள்ளை நம் வாயைப் பார்த்துப் பேச்சுக் கற்கும் நேரம்.

விருத்தாசலம்: இரண்டும் பெண் குழந்தைகள். அரசு பணம் போடுவதாகச் சொல்கிறார்களே?

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஒரே பெண் என்றால் 50,000, இரண்டு பெண் என்றால் ஆளுக்கு 25,000 வைப்பு வைப்பார்கள். 18 வயதில் வட்டியோடு வரும். ஆண் குழந்தை இருக்கக்கூடாது, பெற்றோரில் ஒருவர் 40 வயதுக்குள் குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. இரண்டாவது பெண்ணுக்கு மூன்று வயது ஆவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த மூன்று வயதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ஒன்று. பணத்துக்காக ஆபரேஷன் என்று மாமியார் வீட்டில் யாரும் உன்னை அவசரப்படுத்த விடாதே. அது நீயும் உன் கணவரும் முடிவு செய்வது.

சிதம்பரம்: கணவர் இறந்து ஏழு மாதம். நான்கு வயதில் ஒன்று, ஒரு வயதில் ஒன்று.

தங்கச்சி, நீ இதை எழுதிக் கேட்டதே நல்லது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில், தகுதி இருந்தால் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய். வருட வருமானம் கிராமத்தில் 72,000க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொள். வழி தெரியவில்லை என்றால் 1098க்குப் போன் செய், குழந்தைகளுக்கான உதவி எண் அது. சின்னதுக்குச் சத்துமாவு, பெரியதுக்குப் பால்வாடி, இரண்டையும் நாளைக்கே தொடங்கு. விதவைக்கான மாத உதவித்தொகையையும் தாலுகா அலுவலகத்தில் கேள்.

நெல்லிக்குப்பம்: பிறந்த பிள்ளை நாக்கில் தேன் தடவலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம்.

தாழங்குடா: 2024 டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்து தடுப்பூசி அட்டை போய்விட்டது. இரண்டு ஊசியும் தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து போடணுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், ஏற்கெனவே போட்டது வீணாகாது. சில மருந்துக்கு மட்டும் வயது வரம்பு உண்டு, அதனால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். அட்டை போனாலும் நர்ஸம்மாவின் பதிவேட்டில் எல்லாம் இருக்கும். பிக்மி நம்பரோ, பதிவு செய்த போன் நம்பரோ சொன்னால் எடுத்துத் தருவார். புது அட்டை வாங்கியதும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துத் தாய் வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிரசவ நாள் உள்ள பெண்கள் உங்கள் தெருவில் இருந்தால் இப்போதே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்ததும், வலி வரும்வரை காத்திருக்காமல் அவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள்.