செவலை வாசலில் நிற்கிறது

அன்புள்ள ஐயா,

மோர்ப்பண்ணையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாய் செவலை செத்து மூன்று மாதமாகிறது. காலேஜ் லீவில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது, சிக்கியிருந்த பேத்தையை, அந்த நச்சு மீனை, நான்தான் மணலில் வீசினேன். அதைத் தின்றுவிட்டது. வாந்தி எடுத்தால் சரியாகிவிடும் என்று சும்மா இருந்தேன். பின்னங்கால் இழுத்தது, கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

இப்போது கனவில் வருகிறது. நனைந்த உடம்போடு வாசலில் நிற்கும். கூப்பிட்டால் உள்ளே வராது. என்மேல் கோபமா? விழித்தால் மணி மூன்று, அப்பா கடலுக்குக் கிளம்பும் நேரம். அவர் பின்னாலேயே கரைக்கு ஓடும் நாய் அது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அப்பத்தா பயமுறுத்துகிறார். தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலில் திதி கொடுக்கலாமா?

அன்புள்ள மகளுக்கு,

கடலுக்குப் போகிறவர் வீட்டில் மூன்று மணிக்குக் கேட்கும் முதல் சத்தம் தாழ்ப்பாள்தான். இமைக்குள் விழி அலைந்துகொண்டிருக்கும் உறக்கம் ஒன்று உண்டு. அழுத்தமான கனவுகள் பெரும்பாலும் அதில்தான் வரும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், முன்னிரவில் சில நிமிடம்தான், போகப்போக நீளும். நடுவில் விழிப்புத் தட்டினால் கனவு அப்படியே நினைவில் நிற்கும். வெளிச்சத்தம் கனவுக்குள் புகுந்துகொள்வதும் உண்டு. அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்குச் செவலையும் எழுந்திருக்குமே, இல்லையா? அப்பத்தா சொன்னதில் பாதி சரி. அந்நேரத்துக் கனவு பலிக்காது, ஆனால் மறக்காது.

நனைந்திருக்கிறது என்றால், படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் போய்த் திரும்பிய நாய் வேறு எப்படி இருக்கும்? உள்ளே வராததைக் கோபம் என்கிறாய். அது என்றைக்காவது உங்கள் வீட்டுக்குள் படுத்ததா? நம் பக்கம் நாய்க்கு வாசல்தான் வீடு. எங்கள் வீட்டு நாய் அடைமழையில்கூட முன்னங்கால் இரண்டை மட்டும் நிலைப்படிக்கு உள்ளே வைக்கும். அம்மா திரும்பிப் பார்த்தால் அதையும் எடுத்துக்கொள்ளும்.

பேத்தை விஷயத்தில் மழுப்ப மாட்டேன், வீசியது நீதான். ஆனால் சும்மா இருந்ததைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அந்த மீனின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சுத் தசையையே முடக்கிவிடும். இனி வலையில் வந்தால் ஆழக் குழி தோண்டிப் புதை. பக்கத்துப் படகுக்காரர்களிடமும் சொல்.

திதி என்று போனால் கோத்திரம், நட்சத்திரம் கேட்பார்கள். செவலைக்கு என்ன சொல்வாய்? கரையில் அலையும் நாய்களுக்கு ஒரு சட்டி சோறு வை, போதும்.

அப்புறம், அப்பா இதை எப்படித் தாங்குகிறார் என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது அவர் அந்த இருட்டில் தனியாகத்தான் கரைக்குப் போகிறார். அடுத்த தடவை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழுந்து, படகு வரைக்கும் அவரோடு நடந்து போய்வா.